ஒரே சாயலில் இரண்டாவது மீன்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆறடி நீளத்துக்கு ஒரு கடல் இருக்கிறது. திண்டுக்கல்லில் கடலா என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். கோடை வந்தால் தண்ணீர் லாரியை எதிர்பார்த்துக் குடத்தோடு நிற்கிற தெரு எங்களுடையது. அந்தத் தெருவில் உப்புத் தண்ணீரைத் தொட்டி நிறைய நிரப்பி, அது சூடாகாமல் இருக்க ஒரு குளிர் மெஷினும், கரண்ட் போனால் ஓட ஒரு பேட்டரியும் வைத்து மீன் வளர்க்கிற மனுஷனுக்கு நான் வாக்கப்பட்டிருக்கிறேன். அந்தத் தொட்டியில் புதுசாக ஒரு மீன் விட்ட கதையைத்தான் எழுதுகிறேன். அன்றைக்கு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது இன்னும் முழுசாக அடங்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கு ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் மண்டி. விடிவதற்கு முன்னால் போய், ஏலம் கூவி, கேரளா லாரிகளை ஏற்றி அனுப்பிவிட்டு மத்தியானச் சோற்றுக்கு வீடு திரும்புவார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் மண்டியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். ஸ்டென்ட் வைத்து அனுப்பிய டாக்டர், இனி இந்த ஓட்டம் கூடாது என்றார். மண்டியைக் கொழுந்தனார் பார்த்துக்கொள்ள, இவர் வீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்து பழக்கமில்லாத ஆள் உட்கார்ந்தால் வீட்டில் இருப்பவள் பாடு என்னவாகும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாசல் அறையில் எனக்குத் தையல் கடை. ப்ளவுஸுக்கு அளவெடுக்கும்போது வந்து நின்று, இந்த மெஷினுக்கு எண்ணெய் போட்டு எவ்வளவு நாளாச்சு என்று கேட்பார். வந்த பொம்பளைகள் நெளிவார்கள்.

அதனால் எர்ணாகுளத்து வியாபாரி ஒருவர் வீட்டில் பார்த்த கடல் மீன் தொட்டி மாதிரி நம் வீட்டிலும் வைக்கலாமா என்று அவர் கேட்டபோது, எதையாவது வைத்துத் தொலையுங்கள் என்று நான்தான் சொன்னேன். தொட்டி வந்தது. வாளி வாளியாக உப்பு வந்தது. அடுத்த தெருவில் இருக்கிற அவருடைய அக்கா, எனக்கு மதினி, அந்த உப்பை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, இதற்குக் கல்லுப்பே போட்டிருக்கலாமே என்றார். அதைப் போட்டால் மீன் செத்துவிடும் என்று இவர் சொன்னதும் மதினி என்னைப் பார்த்தார். தம்பிக்கு நெஞ்சோடு சேர்த்து மண்டையிலும் ஏதோ ஆகிவிட்டது என்பதுதான் அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

மீன் வந்தது லாரியில். கொச்சியில் காயை இறக்கிவிட்டுத் திரும்புகிற வண்டியில், டிரைவர் பக்கத்து சீட்டில் தெர்மாகோல் பெட்டி உட்கார்ந்து வரும். உள்ளே காற்றடைத்த பாலிதீன் பைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மீன். அந்த டிரைவர்களுக்கு இவர் மேல் பயம் கலந்த பிரியம். வளைவுகளில் மெதுவாக ஓட்டி, பெட்டியைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வந்து கொடுப்பார்கள்.

ஆனால் மீனைத் தேர்ந்தெடுத்தது முழுக்க மண்டிக்காரப் புத்தி. நிறம் பார்ப்பார், வாட்டம் இருக்கிறதா என்று பார்ப்பார், நாலு தினுசு கலந்து ஒரு பெட்டி போடச் சொல்வார். தக்காளியும் கத்திரிக்காயும் ஒரே கூடையில் கிடந்தால் ஒன்றை ஒன்று தின்னாது. மீன் தின்னும். இது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. முதல் பெட்டியில் லயன் மீன் என்று ஒன்று வந்தது. செம்பழுப்பும் வெள்ளையுமாக வரி, விசிறி விசிறியாகத் துடுப்பு. அந்த வரியில் ஒரு ப்ளவுஸ் தைத்தால் எப்படி இருக்கும் என்று நான் தொட்டியோடு ஒட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது நகர்ந்த மாதிரியே தெரியவில்லை. பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்த பச்சைக் குட்டி மீனை மட்டும் காணவில்லை. கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்த்தேன். லயன் மீனின் வாயோரத்தில் ஒரு வால் துடித்து உள்ளே போனது. நான் போட்ட சத்தத்தில், கடையில் ப்ளவுஸுக்கு ஊக்கு வைத்துக்கொண்டிருந்த பொம்பளை பாதியில் எழுந்து ஓடி வந்தாள்.

அதிலிருந்து வாரம் ஒன்று போகும். சிலது வாய்க்குள் போகும், சிலது கடிபட்டுப் போகும், சிலது மிரண்டு தொட்டியை விட்டு வெளியே குதித்துத் தரையில் கிடக்கும். நான் வலை எடுத்து அள்ளி, வாசல் செம்பருத்திச் செடிக்கடியில் புதைப்பேன்.

அந்த நாட்களில்தான் மதினி ஒரு வார்த்தை சொன்னார். இவர் செக்கப்புக்குப் போகிற நாள். காலையில் கோமாளி மீன் ஒன்று மல்லாந்து மிதந்தது. போகிற நேரத்தில் சகுனம் இப்படி ஆகிவிட்டதே என்று எனக்கு உள்ளுக்குள் உதறல். ஆஸ்பத்திரியிலோ, இதயம் நன்றாக வேலை செய்கிறது, மாத்திரையைக் குறைக்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் மதினி தொட்டியைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"எந்தம்பிக்கு வந்தத அது வாங்கிட்டுப் போயிருச்சுத்தா. வீட்டுல மீன் வளக்குறதே அதுக்குத்தான."

இந்தப் பேச்சு ஊரில் எல்லார் வாயிலும் உண்டு. கடையில் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் சொல்வார்கள், வீட்டில் வைத்திருப்பவர்கள் சொல்வார்கள். நமக்கு வர வேண்டிய கெட்டது மீன் மேல் இறங்கிவிடும், மீன் செத்தால் கண்ணேறு கழிந்தது என்பார்கள். நானும் கேட்டுக் கேட்டுத் தலையாட்டியவள்தான். ஆனால் கையால் அள்ளிப் புதைக்கிறவளுக்கு அது வேறு மாதிரி இருக்கும். அதற்கப்புறம் எது செத்தாலும் மதினி முகத்தில் ஒரு நிம்மதி. சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டு நல்ல சேதி மாதிரி சொல்வார். இவர் அடுத்த லாரிக்குப் போன் போடுவார், அவ்வளவுதான். வீடா இது, கசாப்புக் கடையா என்று நான் கத்தினேன். யாருக்கும் காதில் ஏறவில்லை.

கடைசியில் ஒருநாள் போனைப் பிடுங்கி, கொச்சிக் கடைக்காரரிடம் நானே பேசினேன். பாலக்காட்டுப் பக்கத்து ஆள், தமிழ் நன்றாக வரும். எங்கள் தொட்டியில் எதெது இருக்கிறது என்று நான் சொல்லச் சொல்ல அவர் மறுமுனையில் உச்சுக் கொட்டிக்கொண்டே இருந்தார். அண்ணன் கேட்டதை அனுப்பினேன், எல்லாம் ஒரே தொட்டிக்கு என்று அவர் சொல்லவே இல்லையே என்றார். அதற்கப்புறம் மீன் எடுக்கிற வேலை என்னுடையதானது.

அளவெடுத்துத் தைக்கிறவளுக்கு அது ஒன்றும் பிடிபடாத வித்தையாக இருக்கவில்லை. முதலில் வாயைப் பார்க்க வேண்டும். ஒன்றின் வாய்க்குள் நுழைகிற அளவில் இன்னொன்று இருந்தால், இன்று இல்லாவிட்டாலும் ஒருநாள் நுழைந்துவிடும். பயந்த சுபாவம் உள்ளதை முதலில் விட்டு, அது தனக்கென்று ஒரு பொந்து பிடித்த பிறகுதான் முரடை விட வேண்டும். முன்னாலேயே முரடை விட்டால் தொட்டி முழுக்கத் தன் சொத்து என்று நினைத்துக்கொள்ளும். வந்ததும் நேராகப் பெரிய தொட்டியில் கொட்டக் கூடாது. பின்னறையில் இருக்கிற சின்னத் தொட்டியில் சில வாரம் தனியாக வைத்து, நோய் நொடி இல்லை என்று தெரிந்த பிறகு மாற்ற வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கடைக்காரர் சொன்னது, ஒரே சாயலில் இரண்டு வைக்காதீர்கள் என்பது. வேறு உருவத்தில், வேறு நிறத்தில் இருப்பதைக் கண்டால் விட்டுவிடும். தன்னை மாதிரியே ஒன்று வந்தால், தன் இடத்தைப் பிடிக்க வந்தது என்று கொன்றே போடும்.

லயன் மீனைத் திருப்பி அனுப்பினேன். அதன் துடுப்பு முள்ளில் விஷம் உண்டு என்று சொன்னதும் டிரைவர் அந்தப் பெட்டியைப் பக்கத்தில் வைக்க மாட்டேன் என்றுவிட்டார், பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் கட்டிக்கொண்டு போனார். மிச்சமிருந்த கோமாளிக்கு, அது மட்டும் ஜோடியாக வாழ்கிற ஜாதி என்பதால், ஒரு ஜோடி. மணலை வாயில் அள்ளித் துப்பிக்கொண்டே இருக்கும் ஒரு கோபி மீன். மஞ்சளாக, நரி மூஞ்சியோடு ஒன்று. எல்லாம் இடம் பிடித்து உட்கார்ந்த பிறகு, கடைசியாக பவுடர் ப்ளூ. வானத்து நீலத்தில் உடம்பு, கறுப்பு மூஞ்சி, முதுகில் மஞ்சள் பட்டை. வால் தொடங்குகிற இடத்தில் இரண்டு பக்கமும் பேனாக் கத்தி மாதிரி ஒரு முள்ளை மடக்கி வைத்திருக்கும். திமிர் பிடித்தது, ஆனால் அதன் சாயலில் வேறு எதுவும் இல்லாததால் தானுண்டு தன் பாசியுண்டு என்று சுற்றிவந்தது.

சாவு நின்றது. மாதம் மாதமாக ஒன்றுகூடச் சாகவில்லை. எனக்கு அப்படி ஒரு பெருமை. ப்ளவுஸ் தைக்க வருகிறவர்களைக் கூடத்துக்குள் கூட்டிப்போய்க் காட்டுவேன். மதினிக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. வரும்போதெல்லாம் தொட்டியை எண்ணிப் பார்ப்பார். ஒண்ணுமே குறையலையே என்பார், கவலையாக. அப்போது எனக்குச் சிரிப்பாக வந்தது.

இந்த வருஷம் மாசி மாதம் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். படம் எடுத்தார்கள். ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து ரிப்போர்ட் வரும், அதைப் பார்த்துத்தான் புற்றா இல்லையா என்று சொல்ல முடியும் என்றார் டாக்டரம்மா. நான் பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். பெங்களூரில் இருக்கிற பையனிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்று மட்டும் இவரிடம் சொன்னேன். சரி என்றார்.

அந்த 'சரி'தான். அதற்கப்புறம் அவர் வாயே திறக்கவில்லை. காரில் மதுரையிலிருந்து திண்டுக்கல் வரை ஒரு வார்த்தை இல்லை. பயமாக இருக்கிறதா என்று கேட்கவில்லை, ஒன்றும் ஆகாது என்று சொல்லவில்லை. இவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் பட்ட பாடு என்ன, கும்பிட்ட சாமி எத்தனை. எனக்கென்று வரும்போது மனுஷன் கல்லாட்டம் வண்டி ஓட்டுகிறார். எனக்கு நெஞ்சு கொதித்தது. வீட்டுக்கு வந்ததும் மதினி கட்டிப்பிடித்து அழுதார். அவருக்காவது அழுகை வந்ததே என்று இருந்தது.

மறுநாள் காலையில் இவர் வாசலில் நின்று போன் பேசுவது காதில் விழுந்தது. கொச்சியிலிருந்து திரும்புகிற வண்டி எது, டிரைவர் யார் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். மீன். இந்த நேரத்தில் மீன். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த துணியைக் கோணலாக வெட்டிவிட்டேன். ஒருத்தி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிறாள், இந்த ஆளுக்குப் பொழுது போகவில்லை என்று நினைத்தேன். கேட்டுச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை, விட்டுவிட்டேன்.

ரிப்போர்ட்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது பெட்டி வந்தது. நான் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டு உள்ளே போனால் பை காலியாகக் கிடக்கிறது. தனித் தொட்டி இல்லை, ஒன்றுமில்லை, நேராகப் பெரிய தொட்டியில் கொட்டியிருக்கிறார். எதை விட்டார் என்று பார்த்தேன். நீல உடம்பு, கறுப்பு மூஞ்சி, மஞ்சள் முதுகு. அதே பவுடர் ப்ளூ, அதே சாயல், அதில் பாதி அளவு.

பெரியது ஏற்கெனவே பார்த்துவிட்டது. முதுகுத் துடுப்பை விறைத்துக்கொண்டு, பக்கவாட்டில் சாய்ந்து, வாலால் ஒரு வீச்சு வீசியது. குட்டியின் உடம்பில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. அது சுழன்று, கண்ணாடியில் மோதி, ஒளிய இடம் தெரியாமல் அலைந்து, ஒருவழியாகப் பாறை இடுக்கு ஒன்றில் நுழைந்தது. இவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே சாயலில் இரண்டு ஆகாது என்று இத்தனை மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேனே, மறந்துபோச்சா என்று கத்தினேன். இருக்கட்டும், பழகிக்கொள்ளும் என்றார், என்னைப் பார்க்காமல்.

தையல் கடையிலிருந்து ஆளுயரக் கண்ணாடியைத் தூக்கிவந்து தொட்டியின் ஓரத்தில் சாய்த்து வைத்தேன். அது கடைக்காரர் எப்போதோ சொன்ன யோசனை. பெரியது கண்ணாடிக்குள் தன் உருவத்தைப் பார்த்து, அதோடு மல்லுக்கட்ட ஆரம்பித்தது. அந்த நேரத்தில் குட்டி மெல்ல வெளியே வந்து ஒரு வாய் பாசி கடித்தது. அப்பாடா என்று உட்கார்ந்தேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது, ரிப்போர்ட்டைப் பற்றி அந்தச் செத்த நேரம் நான் நினைக்கவே இல்லை.

மறுநாள் காலையில் கண்ணாடி பழையபடி கடையில் நின்றது. யார் எடுத்தது என்றேன். வழியில் இடிக்குது என்று நான்தான் எடுத்தேன் என்றார் இவர். திரும்பக் கொண்டுபோய் வைத்தேன். கடைக்கு நூல் வாங்கப் போய்விட்டு வந்தால் மறுபடியும் இல்லை. குட்டியின் வால் துடுப்பில் பாதியைக் காணவில்லை. பெரியது அதன் பொந்துக்கு முன்னால் காவல் மாதிரி நின்றது.

இது மறதி இல்லை என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. கடைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொச்சிக்குப் போன் போட்டேன். இதை எப்படி அனுப்பினீர்கள், உங்களுக்குத் தெரியாதா என்று எடுத்த எடுப்பில் பாய்ந்தேன்.

"அக்கா, நான் சொன்னேன். இது பொழைக்காது, பெருசு விடாதுன்னு சொன்னேன். அண்ணன்தான், எனக்குத் தெரியும், அதுக்குத்தான் கேக்குறேன், சின்னதாப் பாத்து ஒண்ணு அனுப்புன்னாரு."

சாகும் என்று தெரிந்து, சாகட்டும் என்று, சாகிற அளவாகப் பார்த்து வாங்கியிருக்கிறார். ஒரு கோழியை அறுப்பதைக் கூடப் பார்க்க மாட்டார் இவர். கறிக்கடைக்கு நான்தான் போவேன். பக்கத்து வீட்டு நாய்க்கு முள் குத்தினால் உட்கார்ந்து எடுத்துவிடுகிற மனுஷன். எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். மதினி பேச்சு மண்டையில் ஏறிவிட்டது, தன் நெஞ்சு நோய்க்குப் பயந்து பலி கொடுக்கிறார். நான் இந்தக் கதியில் கிடக்கும்போதும் அவருக்குத் தன் உயிர்தான் பெரிதாகப் போயிற்று. சீ என்று ஆகிவிட்டது.

அவர் பின்கட்டில் தொட்டிக்குத் தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின் பக்கம் நின்று வாளி நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதினியும் அங்கே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் நேராகப் போய், கொச்சிக்காரரிடம் பேசிவிட்டேன் என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். ஒங்க நெஞ்சுக்கு இப்ப என்ன வந்துச்சு, டாக்டர் நல்லாருக்குன்னுதான சொல்லியிருக்காரு, ஒரு வாயில்லா ஜீவனை எதற்கு இப்படிச் சித்திரவதை பண்ணுகிறீர்கள், உங்கள் ஒரு உயிருக்காகவா இந்தப் பாடு என்று என்னென்னவோ கேட்டேன்.

"எனக்கில்ல," என்றார்.

நான் நிறுத்தினேன்.

"எனக்கில்ல. நாளைக்கு ஒனக்கு ரிப்போர்ட்டு."

வாளி நிரம்பி வழிய ஆரம்பித்தது. யாரும் குழாயை மூடவில்லை.

"முன்னாடியெல்லாம் ஒண்ணொண்ணாப் போய்ட்டிருந்துச்சு. நமக்கு ஒண்ணும் வரல. நீதான் பாத்துப் பாத்து எல்லாத்தயும் பொழைக்க வச்ச. ஒண்ணுகூடச் சாகல. அப்புறந்தான் ஒனக்குக் கட்டி வந்துச்சு."

இதைச் சொல்லிவிட்டு என் முன்னால் ஒரு குழந்தை மாதிரி அழுதார். மதினி கீரையைப் பார்த்தபடி இருந்தார். அவருக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. அக்காளும் தம்பியும் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள், நான் உள்ளே தைத்துக்கொண்டிருந்தபோது.

ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது அவர் கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது இதனால்தான். வழி நெடுக இவர் மனதில் ஓடியது இந்தக் கணக்குத்தான். என்னை எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்று தவித்திருக்கிறார், அதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே வழி, நான் சொல்லிக்கொடுத்த விதியை எடுத்துத் திருப்பிப் போடுவது. எது எதோடு ஒத்துப்போகும் என்று நான் சொன்னதிலிருந்து, எது கட்டாயம் சாகும் என்று கற்றுக்கொண்டிருக்கிறார். இந்த மனுஷனை அடிப்பதா, கட்டிக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை.

குட்டியைப் பிடித்து வெளியே எடுத்துவிடலாம் என்று கூடத்துக்குப் போனேன். பாறைகளை நகர்த்தினால்தான் முடியும். கையைத் தண்ணீருக்குள் விட்டதும் அவர் ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். நாளை ஒருநாள் மட்டும் விடு, ரிப்போர்ட் வந்ததும் நானே எடுத்துத் தருகிறேன் என்று கெஞ்சினார். உதறியிருந்தால் விட்டிருப்பார். நான் உதறவில்லை. எனக்கும் பயம் வந்துவிட்டது. எத்தனை பேசினால் என்ன, உள்ளே ஒரு கட்டியோடு நிற்கும்போது, ஒருவேளை அப்படியும் இருக்குமோ என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். கையை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் மதுரையில் டாக்டரம்மா காகிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். புற்று இல்லை, வெறும் நார்க்கட்டி, ஆறு மாதம் கழித்து ஒரு தடவை வந்து காட்டுங்கள் என்றார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பையனுக்கு அப்போதே போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன், ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று அவன் திட்டியதுகூடக் காதுக்கு இனிமையாக இருந்தது. இவரும் டாக்டரம்மாவைக் கும்பிட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் திரும்பும்போது வண்டியை விரட்டினார். எதற்கு இவ்வளவு வேகம் என்றேன். ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தினார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் தொட்டிக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். மதினி ஏற்கெனவே அங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். நல்ல சேதியைச் சொன்னேன். மதினி என்னைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தார், ஆனால் கண் தொட்டியை விட்டு நகரவில்லை. இவர் குனிந்து, ஒவ்வொரு பொந்தாகத் தேடினார். மேலே மிதக்கிறதா, மணலில் கிடக்கிறதா என்று பார்த்தார். அப்போது பாறையின் பின்பக்கத்திலிருந்து குட்டி வெளியே வந்தது. வால் கிழிந்து, உடம்பெல்லாம் கோடு கோடாகக் காயத்தோடு வந்து, பாறையில் ஒட்டியிருந்த பாசியை ஒரு கடி கடித்துவிட்டு மறுபடி உள்ளே போனது.

சாகவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். ரத்தம் சுண்டிப்போய் வெளுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி விட்ட அன்றுகூட அவரை அப்படி நான் பார்க்கவில்லை.

"ரிப்போர்ட்டு மாறியிருக்குமோ," என்றார் மெதுவாக. "வேற எடத்துல ஒருதடவ காட்டிருவோமா?"

மதினியும் தலையை ஆட்டினார். புற்றாக இருக்கலாம் என்று கேட்டபோது வந்த பயத்தைவிட இது எனக்குப் பெரிதாக இருந்தது. டாக்டரம்மா சொன்னதையோ, முத்திரை குத்திய காகிதத்தையோ இவர்கள் நம்பவில்லை. மீன் செத்திருந்தால் நம்பியிருப்பார்கள். அது பிழைத்துவிட்டதால், என்னைச் சாகப்போகிறவளைப் பார்க்கிற மாதிரி இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"நான் உசுரோட வந்து நிக்கிறேன்," என்றேன். "அதுவும் உசுரோட இருக்கு. ரெண்டும் ஒரே வீட்டுல இருக்கக் கூடாதா?"

அவர் என்னைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. இருக்கலாம் என்கிற ஒரு வார்த்தைதான். அதைச் சொல்ல அவரால் முடியவில்லை.

நான் முந்தானையைச் செருகிக்கொண்டு பாறைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தேன். அவர் தடுக்கவில்லை, உதவிக்கும் வரவில்லை. ஒளிய இடமில்லாமல் போனதும் குட்டி ஒரு மூலைக்கு வந்து ஒடுங்கியது. வலையில் எடுத்து, தண்ணீர் சொட்டச் சொட்டப் பின்னறைத் தொட்டிக்குக் கொண்டுபோனேன். அவர் என் பின்னாலேயே வந்தார். வலையில் துள்ளுகிற மீனை அவர் பார்க்கவில்லை. நான் எந்த நொடியும் சரிந்துவிடுவேன், தாங்கிப் பிடிக்க வேண்டும் என்கிற மாதிரி இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டே வந்தார்.

அந்தக் குட்டிக்கு இப்போது வால் முழுசாக வளர்ந்துவிட்டது. தினமும் காலையில் அவர்தான் அதற்குத் தீனி போடுகிறார். போட்டுவிட்டு, அது தின்கிறதா என்று பார்த்துவிட்டு, தையல் கடைக் கதவோரம் வந்து நின்று நான் மெஷின் மிதிக்கிறதைப் பார்க்கிறார். நான் நிமிர்ந்து பார்த்த பிறகுதான் போகிறார்.